பூச்சிய நீர்ப் பாவனை

யுத்தம் முடிந்ததும் அதிகாரிகளுக்குக் கொஞ்சம் நேரம் கிடைத்தது. அந்த நேரத்தில் சுற்றாடலைப் பாதுகாப்பதென்று உயர்மட்டத்தில் தீர்மானமாயிற்று. மிகச் சிறந்த பள்ளிக்கூடத்துக்குப் ‘பேண்தகு பாடசாலை’ விருது வழங்கப்படும் என்று சுற்றறிக்கையும் வந்தது.

கல்முனைக்குத் தெற்கே, கடலோரத்திலிருந்த எங்கள் பள்ளிக்கூடம் அந்த விருதுக்கு விண்ணப்பிக்கவில்லை. அதிபர் கைருன்னிஸா டீச்சர் விண்ணப்பித்தது ஒரு மலசலகூடத்துக்கு. சுனாமிக்குப் பிறகு வகுப்புகளுக்கெனப் போட்ட தற்காலிகத் தகரக் கொட்டில் அப்போதும் தற்காலிகமாகவே நின்றது. ஆண் பிள்ளைகளுக்குத் தாழம்புதர் இருந்தது. பெண் பிள்ளைகள் இடைவேளைக்கு வீட்டுக்குப் போனால் திரும்பி வருவதில்லை. ஒன்பதாம் வகுப்பு அப்னா மட்டும் கணக்குப் பாடத்தை விட மனமில்லாமல், தண்ணீர் குடிக்காமலே இருந்து பார்த்தாள். ஒருநாள் கரும்பலகைக்கு முன்னால் மயங்கி விழுந்தாள்.

அவளுடைய வாப்பா ஷரிபுதீன் பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளர். வந்து மேசையில் தட்டினார்.

“டீச்சர், கக்கூஸ் வந்தாத்தான் என்ட புள்ள வருவா. இல்லாட்டி ஊட்டோட நிக்கட்டும்.”

மலசலகூடம் நிலத்தடி நீர் சம்பந்தப்பட்டது என்பதால் டீச்சரின் விண்ணப்பம் சுற்றாடல் பிரிவுக்குப் போயிற்று. பார்வையிட அந்தப் பிரிவின் அதிகாரி ஸலாஹுதீன் சேர் வந்தார். வாகனத்துக்குள் குளிர் போய்விடக்கூடாதென்று எஞ்சினை ஓடவிட்டுவிட்டு இறங்கினார்.

“ஃபேன் எத்தனை?”

“கரண்டே இல்ல சேர்.”

“மின் பாவனை பூச்சியம்.” குறித்துக்கொண்டார். “சுவர்?”

“மூணு பக்கம் இல்ல. மழை பெய்தா உள்ளுக்கெல்லாம் வெள்ளம்.”

“இயற்கைக் காற்றோட்டம். மழைநீர் சேகரிப்பு. தண்ணி?”

“அதுக்குத்தானே சேர் எழுதின. ஒரு சொட்டும் இல்ல.”

“ஒரு சொட்டுமா?” சேரின் குரல் தழுதழுத்தது. “டீச்சர், உலகமே இதுக்குத்தான் பாடுபடுது. நீங்க சத்தமில்லாமச் செஞ்சு முடிச்சிட்டீங்க!”

“சேர், புள்ளைகள் மயங்கி விழுறாங்க.”

“தொடக்கத்துல அப்பிடித்தான். பழகிடும்.”

விண்ணப்பிக்காத விருதில் எங்கள் பள்ளிக்கூடம் முதலாமிடம் பெற்றது. ஓடும் குழாயும் கழுவிய கக்கூசும் வைத்திருந்த குற்றத்துக்காகப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் இரண்டாமிடத்துக்குத் தள்ளப்பட்டது.

பக்கத்து ஊரை நாங்கள் கிரிக்கெட்டிலும் வென்றதில்லை, பரீட்சையிலும் வென்றதில்லை. ஆகவே செய்தி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டது. சந்தியில் பட்டாசு வெடித்தது. ‘சுற்றாடலின் காவலர்கள் நாம்’ என்ற பிளாஸ்டிக் பதாகையை ஷரிபுதீன் தன் கைக்காசில் அடித்து, தெருவுக்குக் குறுக்கே கட்டினார்.

விருதோடு பரிசும் வந்தது. ஒரு மலசலகூடம். நீலத் தரையோடு, தண்ணீர்த் தாங்கி, குழாய் எல்லாம் வைத்து வெளிநாட்டு நிறுவனமொன்று கட்டித் தந்தது. திறப்பு விழாவில் கைருன்னிஸா டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாடா வெட்டிய கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஸலாஹுதீன் சேர் ஒரு விளக்கம் சொன்னார்.

“அடுத்த வருசமும் மதிப்பீடு இருக்கு. இதைப் பாவிச்சா உங்கட நீர்ப் பாவனை பூச்சியத்துல நிக்காது. விருது கைமாறும்.”

“ஆருக்கு?” என்றார் ஷரிபுதீன்.

சேர் பக்கத்து ஊரின் திசையைப் பார்த்தார்.

அன்று பின்னேரமே சங்கம் அவசரமாகக் கூடியது.

“புள்ளைகளுக்கெண்டு தந்த கக்கூஸ்,” என்றார் டீச்சர்.

“ரெண்டு வாளித் தண்ணிக்காக ஊர்ர மானத்த விடச் சொல்றீங்களா டீச்சர்?”

“நீங்கதானே மேசையில தட்டிக் கேட்டீங்க?”

“ஓம், கேட்டன். கிடைச்சிட்டுத்தானே? கிடைச்சதப் பாவிக்கோணும் எண்டு ஆர் சொன்ன?”

பாவிக்காமல் பூட்டி வைப்பதென்று எல்லோரும் கை உயர்த்தினார்கள். டீச்சர் உயர்த்தவில்லை. அதிபருக்கு வாக்கில்லை என்று அவருக்கு மரியாதையாகத் தெரிவிக்கப்பட்டது. மலசலகூடத்துக்குப் பெரிய பூட்டொன்று போட்டார்கள். பூட்டின் திறப்பு செயலாளரின் சட்டைப்பைக்குப் போயிற்று.

எங்கள் ஊர் பெண் பிள்ளைகளின் படிப்பைக் கைவிட்டுவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அப்னா இப்போது கணக்கில் வகுப்பிலேயே முதலாவது. வேண்டிய மட்டும் தண்ணீர் குடிக்கிறாள். படிப்பது பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில். தினமும் காலையில் ஷரிபுதீன்தான் அவளை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறார். போகும் வழியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் இறங்கி, பூட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பார். அவர் பார்த்து முடிக்கும் வரைக்கும், சங்கத்தின் மற்ற உறுப்பினர்களும் பின்னால் ஆளுக்கொரு மகளை ஏற்றிக்கொண்டு வரிசையாகக் காத்து நிற்பார்கள்.