வெள்ளப்பாத்திக்காக ஒரு மதிப்பெண்

கடலுக்கும் கோட்டைகளுக்கும் நடுவே நால்விடை என்றொரு நாடு இருந்தது. அங்கே எந்தக் கேள்விக்கும் நான்கு விடைகள்தான். ஐந்தாவது விடை சொன்னவர்களைக் கடைசியாகக் கடற்கரைப் பக்கம் பார்த்ததாகச் சொல்வார்கள்.

இது எப்படித் தொடங்கியது என்பது அரண்மனைச் சுவரில் ஓவியமாக இருக்கிறது. முதல் அரசருக்கு வயிற்றுவலி. எனக்கு என்ன நோய் என்று வைத்தியரைக் கேட்டார். "தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும், அரசே" என்றார் வைத்தியர். அரசரைத் தொடுவதாவது! வைத்தியரைக் கடலுக்கு அனுப்பினார்கள். இனி எவரும் எதையும் தொட்டுப் பார்க்க வேண்டாம், நான்கு வட்டங்களில் ஒன்றைக் கறுப்பாக்கினால் போதும் என்று ஆணை பிறந்தது. ஓவியத்தில் வைத்தியரின் முகம் இருந்த இடத்தில் ஒரு கறுப்பு வட்டம்தான் இருக்கிறது.

தேர்தலும் அப்படியே. நான்கு பெட்டிகள் வைப்பார்கள். எது சரியான பெட்டி என்பதை எண்ணி முடித்த பிறகு அறிவிப்பார்கள். தவறான பெட்டியில் போட்ட ஊருக்கு ரேஷன் அரிசியில் கால் பங்கு குறையும். மக்கள் பழகிவிட்டார்கள். மக்கள் எதற்குத்தான் பழகவில்லை?

அந்த நாட்டின் தெற்கு ஓரத்தில் வெள்ளப்பாத்தி என்ற உப்பள ஊர். அங்கிருந்து மருத்துவம் படித்த முதல் பெண் மாடத்தி. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாதவர்கள் வினாத்தாளை எப்படிப் படிப்பார்கள் தெரியுமா? முதல் பக்க விதிமுறைகளிலிருந்து. கோட்டைப் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அவர்களுக்கு அப்பாவும் மாமாவும் சொல்லியிருப்பார்கள். மாடத்திக்கு ஒவ்வொரு விதியும் மனப்பாடம். இருந்தும் கடைசி வருடத் தேர்வில் அவள் தட்டுத் தடுமாறித்தான் தேறினாள். அதுவும் அந்த வருடம் எல்லோருக்கும் ஒரு மதிப்பெண் இனாமாகக் கூடியதால். எதற்காகக் கூடியது என்று யாரும் கேட்கவில்லை. அவள் அம்மா செல்லக்கனி ஊருக்கெல்லாம் கருப்பட்டி மிட்டாய் கொடுத்தாள்.

செல்லக்கனி உப்பு வாருகிறவள். வெள்ளப்பாத்தியில் நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு ஒரே நோய். வெயிலில் நின்று நின்று முதுகு வலிக்கும். சிறுநீர் சிவந்து, சொட்டுச் சொட்டாகக் குறையும். வலிக்கு மாத்திரை, ஊசி என்று போட்டுக்கொள்வார்கள். அதுவே சிறுநீரகத்தை முடித்துவிடும். செல்லக்கனிக்கும் முதுகு வலிக்கத் தொடங்கியிருந்தது. அதற்காகத்தான் மாடத்தி சிறுநீரகச் சிறப்புப் படிப்புக்குத் தேர்வு எழுதப் போனாள். லட்சியம் கிட்சியம் என்று வேறு எதுவும் இல்லை.

வினாத்தாளில் அவள் அம்மா இருந்தாள்.

'உப்பளத்தில் வேலை செய்யும் பெண். முதுகுவலி. சிறுநீர் சிவந்து குறைந்திருக்கிறது. முதலில் என்ன செய்வீர்?' அ: வலி ஊசி போடுக. ஆ: வலி மருந்தை நிறுத்தி, நிழலில் படுக்கவைத்துத் தண்ணீர் கொடுக்க. இ, ஈ என்று இன்னும் இரண்டு. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கேள்விக்குத் தன்னைத் தெரிந்திருக்கிறது என்று மாடத்திக்குத் தோன்றியது. ஆ வட்டத்தைத் தாள் ஓட்டை விழுகிற அளவுக்குக் கறுப்பாக்கினாள். உடன் எழுதிய அதே ஊர்ப் பையன் சங்கிலியும் ஆ என்றுதான் போட்டான். உப்பளத்துப் பிள்ளைகள் எல்லோரும் போட்டார்கள். கோட்டைப் பயிற்சி நிலையங்களில், முதுகுவலி என்றாலே வலி ஊசி என்று பாட்டாகப் படித்தவர்கள் அ என்று போட்டார்கள்.

கேள்விகளின் தரத்தைச் சோதிக்கத் தர மன்றம் என்று ஒன்று இருந்தது. அதன் தலைவர் வேணுவனநாதர். நோயாளி என்று ஒருவரை நேரில் பார்த்திராதவர். பார்த்தால் நடுநிலை கெட்டுவிடும் என்பார். அந்த ஒரு கேள்வியின் விடையை மாற்றப்போகிறார்கள் என்று செய்தி வந்ததும் மாடத்தி மன்றத்தில் போய் நின்றாள்.

"உட்காருங்கள் அம்மா" என்றார் வேணுவனநாதர். நாற்காலி இல்லை. "நல்ல கேள்வி என்றால் என்ன? மேலே இருப்பவர்கள் சரியாகவும் கீழே இருப்பவர்கள் தவறாகவும் எழுதுவது. இதில் கீழே இருப்பவர்கள் சரியாக எழுதிவிட்டார்கள். மேலே இருப்பவர்கள் தவறாக எழுதியிருக்கிறார்கள். ஆகவே?"

"ஆகவே மேல இருக்கவங்களுக்கு விசயம் தெரியலன்னு அர்த்தம், அய்யா."

"ஆகவே விடை தவறு."

"யாரு மேல, யாரு கீழன்னு எப்படிச் சொல்லுதீங்க?"

"மதிப்பெண்ணை வைத்து."

"மதிப்பெண்ணு எதுல வருது?"

"இந்தக் கேள்விகளில்."

"இந்தக் கேள்விங்க நல்லதுன்னு எப்படித் தெரியும்?"

"மேலே இருப்பவர்கள் சரியாக எழுதுவதை வைத்து." அவர் கனிவாகச் சிரித்தார். "வட்டம் முழுமையாக இருக்கிறது, பாருங்கள்."

"அய்யா, அந்த ஊசியப் போட்டா எங்கம்மா செத்துப்போவா."

"அது வேறு துறை."

விடை அ என்று மாற்றப்பட்டது. மாடத்தி தகுதிக்கோட்டுக்கு ஒரு மதிப்பெண் கீழே விழுந்தாள். கோட்டுக்குக் கீழே விழுந்த மருத்துவர்களுக்கு நாட்டில் ஒரு வேலை இருந்தது: தலைநகர் மருத்துவமனை வாசலில் வாசிப்பாளர்.

அந்த மருத்துவமனைக்கு அப்போதுதான் புதிதாக நான்கு கதவுகள் வைத்திருந்தார்கள். மருத்துவரையே தேர்வு வைத்து எடுக்கிறோம், நோயாளியை மட்டும் சும்மா உள்ளே விடுவதா என்று அரசவையில் யாரோ கேட்டார்களாம். ஆகவே நோயாளி வந்தால் வாசிப்பாளர் அவருடைய நோயை வாசிப்பார். பிறகு நான்கு கதவுகளின் சிகிச்சையையும் வாசிப்பார். நோயாளி செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கதவுக்குள் நுழைய வேண்டும். சரியான கதவுக்குப் பின்னால் கட்டில், மருத்துவர், மருந்து. மற்ற மூன்றுக்கும் பின்னால் ஒரு நடைக்கூடம். அது எங்கே போகிறது என்று மாடத்தி காவலாளியைக் கேட்டாள். "போகுதும்மா" என்றான் அவன்.

உள்ளே போனவர்களின் காலடிச் சத்தம் முதலில் கேட்கும். பிறகு கேட்காது.

மாலையில் மன்றத்து ஆட்கள் வந்து, யாரும் எடுத்துக்கொண்டு போகாத செருப்புகளைக் கதவு வாரியாக எண்ணுவார்கள். அதுதான் தர மதிப்பீடு. முதல் மாதம் பெரும்பாலோர் பிழைத்துவிட்டார்கள். வேணுவனநாதர் கவலைப்பட்டார். எல்லோரும் தேறுகிற தேர்வுக்கு என்ன மரியாதை? மருத்துவமனை மிக எளிதாக இருக்கிறது என்று எழுதி, சரியான கதவின் விளக்கை அணைக்கச் சொன்னார். அடுத்த மாதம், சில கதவுகளுக்கு முன்னால் செருப்பே இல்லை என்று தெரிந்தது. யாரும் தேர்ந்தெடுக்காத விடை செத்த விடை. யாரும் நுழையாத கதவு செத்த கதவு. செத்த கதவு நாட்டுக்கு அவமானம். ஒவ்வொரு தவறான கதவுக்குள்ளும் நூற்றுக்கு ஐந்து பேராவது போக வேண்டும் என்று ஆணை வந்தது. தவறான கதவுகளுக்குப் பூமாலை தொங்கவிட்டார்கள். பக்கத்தில் ஒரு செவிலிப் பெண்ணை உட்காரவைத்தார்கள். மூன்று கதவிலும் மூன்று பெண்கள். மூவருக்கும் ஒரே சிரிப்பு. சாப்பாட்டு நேரத்திலும் அந்தச் சிரிப்பு அவர்கள் முகத்திலிருந்து இறங்கவில்லை.

ஒரு நாள் காலையில் வெள்ளப்பாத்திப் பேருந்திலிருந்து செல்லக்கனி இறங்கி வந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பாதி குனிந்தபடி.

"ஏட்டி மாடத்தி, ஒண்ணுக்கு ரத்தமா வருதுட்டி. எந்தக் கதவுக்குள்ள போகணும்?"

சொல்லக் கூடாது. சொன்னால் காப்பியடித்த குற்றம். காவலாளி பக்கத்தில் நிற்கிறான். மாடத்தி வாசித்தாள். உப்பளத்தில் வேலை செய்யும் பெண். முதுகுவலி. அ, வலி ஊசி. சட்டப்படி அதுதான் சரியான கதவு, கட்டிலும் மருத்துவரும் அங்கேதான் ஊசியோடு காத்திருக்கிறார்கள். ஆ, நிழலும் தண்ணீரும். பூமாலை, சிரிப்பு, பின்னால் அந்த நடைக்கூடம். இ, ஈ இரண்டும் அதே நடைக்கூடம்தான். அம்மா ஒவ்வொரு கதவாகப் பார்த்தாள். ஆ கதவுப் பெண்ணின் சிரிப்பைப் பார்த்து, செருப்பைக் கழற்ற ஒரு காலைத் தூக்கினாள்.

வாசிக்கத்தான் வேண்டும், சொல்லக் கூடாது. சரி. மாடத்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, கையிலிருந்த வாசிப்புத் தாளில் யாருமே வாசிக்காத முதல் பக்க விதிமுறைகளை முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். காவலாளி கொட்டாவி விட்டான். அவள் வாசித்துக்கொண்டே போனாள். "விடையளிக்காமல் விடப்படும் கேள்விக்கு மதிப்பெண் குறைக்கப்பட மாட்டாது." அந்த வரியை மறுபடியும் வாசித்தாள். இன்னொரு தடவையும்.

தூக்கிய காலை அம்மா கீழே வைத்தாள். "அப்படின்னா... நான் எந்தக் கதவுக்கும் போகாம இங்கனயே உக்காரலாமா?"

"விதி அப்படித்தாம்மா சொல்லுது."

"நல்ல கூத்துட்டி. ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து தண்ணி குடிக்கவா நான் பஸ் ஏறி வந்தேன்?"

மதில் நிழலில் சாக்கு விரித்து உட்கார்ந்தாள். மாடத்தி குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அம்மாவின் முந்தானை முடிச்சில் இருந்த வலி மாத்திரைகளைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டாள். காவலாளி விதிமுறையைப் புரட்டிப் பார்த்தான், தடுக்க வழியில்லை. சில நாளில் சிறுநீர் தெளிந்தது. செல்லக்கனி நிமிர்ந்து உட்கார்ந்து, கதவுப் பெண்களைப் பார்த்து, "ஏம்மா, வாய் வலிக்கலியா ஒங்களுக்கு?" என்று கேட்கத் தொடங்கினாள்.

செய்தி ஊருக்குப் போயிற்று. வெள்ளப்பாத்திப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து மதில் நிழலில் உட்கார்ந்தார்கள். யாரும் செருப்பைக் கழற்றவில்லை. மாலையில் எண்ண வந்தவர்களுக்கு எண்ணுவதற்கு ஒன்றுமில்லை.

வேணுவனநாதர் பல்லக்கில் வந்தார். நிழலில் இருந்தவர்கள் பக்கம் திரும்பாமல் கதவுகளை மட்டும் ஆராய்ந்தார்.

"நான்கும் செத்துவிட்டன" என்றார்.

"ஆளுங்க பொழச்சிட்டாங்க, அய்யா" என்றாள் மாடத்தி.

"எந்தக் கதவிலும் நுழையாமல் பிழைத்தவர்களை எந்தக் கதவில் எழுதுவது?" உண்மையிலேயே வருந்தினார். "பிழை கதவில் இல்லை. விடையிலும் இல்லை. இப்போது புரிகிறது. இந்த ஊர்தான் பிழையான கேள்வி."

பிழையான கேள்வியை என்ன செய்வார்கள் என்று நால்விடையில் எல்லோருக்கும் தெரியும். நீக்கிவிடுவார்கள். நீக்கியதற்கு ஈடாக எல்லோருக்கும் ஒரு மதிப்பெண் கொடுப்பார்கள்.

வெள்ளப்பாத்தி நீக்கப்பட்டது. வீட்டை இடிக்கவில்லை, ஒருவரையும் அடிக்கவில்லை. பேருந்துப் பலகையில் பெயர் அழிந்தது. டிக்கெட் கேட்டால் நடத்துனர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மதில் நிழலில் இருந்த பெண்கள்மேல் ஆட்கள் இடறினார்கள். இடறிவிட்டு, தரையைத் திட்டினார்கள். செல்லக்கனி ஒருவரின் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். அவர் ஈ ஓட்டுவதுபோல் கையை வீசிவிட்டு நடந்தார். நாடெங்கும் வீடு வீடாக ஒரு மதிப்பெண் போய்ச் சேர்ந்தது. ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள்.

மாடத்திக்கும் வந்தது. அந்த ஒன்றில் அவள் தகுதிக்கோட்டை எட்டியிருந்தாள். சிறுநீரகச் சிறப்புப் படிப்பு. மருத்துவமனைக்குள்ளேயே இருந்த சேர்க்கை அறையில் கடைசியாக ஒரே ஒரு கேள்வி: பிறந்த ஊர். நான்கு வட்டங்கள். நான்கும் வேறு ஊர்கள்.

அவளுக்கு முன்னால் சங்கிலி நின்றிருந்தான். அவனுக்கும் அதே ஒரு மதிப்பெண்தான். ஜன்னல் வழியே மதில் நிழலில் இருந்த தன் அத்தையைப் பார்த்து, "வந்துருதேன்" என்று கையாட்டிவிட்டுக் குனிந்தான். ஏதோ ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கினான். நிமிர்ந்தான். அத்தை இன்னும் கையாட்டிக்கொண்டிருந்தாள். அவன் ஜன்னலைப் பார்த்தான்.

"என்ன சங்கிலி, அத்தை கூப்பிடுதாவல்ல?"

"எங்க? அங்க வெறும் மதிலுதான இருக்கு" என்றான். பிறகு இவளைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்து, "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டான்.

மாடத்தி பேனாவைக் கையில் வைத்தபடி நின்றாள். படித்தால் அம்மாவைக் காப்பாற்றலாம். யாரை?

"சீக்கிரம் கறுப்பாக்குங்கம்மா" என்றார் எழுத்தர்.

"எங்க ஊரு இதுல இல்ல."

"இல்லாத ஊர்ல எப்படிம்மா பொறந்தீங்க?"

அவள் பேனாவை மேசையில் வைத்தாள். வட்டங்கள் நான்கும் வெள்ளையாக இருந்தன. எழுத்தர் அவள் நெஞ்சின் வழியாகப் பின்சுவரைப் பார்த்து, "அடுத்து" என்றார்.

வெளியே வந்தாள். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்காவது தன்னைத் தெரிகிறதே என்று மாடத்திக்கு மூச்சு வந்தது.

"கெடச்சுதாட்டி?"

"இல்லம்மா."

"சரி, போட்டும். குடத்த எடு. அந்தக் கோடியில யாரோ உக்காந்திருக்காவ. ரொம்ப நாளாவே இருக்காவளாம். நேத்து வரைக்கும் நம்ம கண்ணுக்கே தெரியல பாரேன்."

மதிலின் மறுகோடியில் சிலர் சுருண்டிருந்தார்கள். உப்பளத்துக்காரர்கள் இல்லை. விரல்களில் சாயக்கறை. மாடத்தி தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். எந்த ஊர் என்று கேட்டாள். ஒரு பெண் ஏதோ ஒரு பெயரைச் சொன்னாள். மாடத்தி அப்படி ஓர் ஊரைக் கேள்விப்பட்டதே இல்லை.

"எப்பம்மா நீக்குனாங்க?"

அந்தப் பெண் வருடத்தைச் சொன்னாள். மாடத்தி கடைசி வருடத் தேர்வு எழுதிய வருடம். வெள்ளப்பாத்தி முழுக்கக் கருப்பட்டி மிட்டாய் தின்ற வருடம்.