நாற்பத்து நான்கு புள்ளி ஆறு

கச்சேரி சாலை, மயிலாப்பூர்
வெள்ளிக்கிழமை

மதிப்பும் மரியாதையும் மிகுந்த வலியுல்லா பாய்ஜான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் மெஹபூப் அலி சலாம் கூறி எழுதுவது. இறைவன் கருணையால் இங்கு நான் சுகம். உங்கள் தங்கை ஜமீலுன்னிசா என்னைவிட அதிக சுகம். ஆம்பூரில் நீங்களும் பிள்ளைகளும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

"நாப்பத்து மூணு வயசுல வக்கீலுக்குப் படிக்கப் போறாளாமே? நீ எதுக்கு இருக்கே? போய் நிறுத்து!" என்று போனில் சத்தம் போட்டீர்கள். நிறுத்தத்தான் போனேன் பாய்ஜான், அல்லாஹ்மேல் ஆணை. நடந்ததை வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எல்லாம் தேவானையால் வந்தது. நம் சோபா கடையில் உறை தைக்கிறாளே, அவள்தான். ஆற்றோரத்தில் இருக்கும் அவள் வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. ஜமீலா மனு எழுதி, அவளைக் கூட்டிக்கொண்டு ஓர் அதிகாரியிடம் போனாள். அவர், "நீங்க வக்கீலாம்மா? இல்லேன்னா ஓரமா நில்லுங்க" என்றாராம். அரை மணி நேரம் ஓரமாக நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தவள், நேராக பீரோவைத் திறந்து தன் பி.ஏ. மதிப்பெண் பட்டியலை எடுத்தாள். இரண்டாயிரத்துக்கு எண்ணூற்றுத் தொண்ணூற்றிரண்டு. அதாவது நாற்பத்து நான்கு புள்ளி ஆறு சதவீதம். மூன்று வருடச் சட்டப் படிப்பில் சேர நாற்பத்தைந்து வேண்டும். எனக்கு நிம்மதியாகிவிட்டது. நான் வாயைத் திறக்காமலே காரியம் நின்றுவிடும் என்று நினைத்து, துணைக்கு வருகிறேன் என்று நானே சொன்னேன்.

அடையாறு பக்கம் இருக்கும் அந்தக் கல்லூரி வாசலில் காவலாளி என்னை நிறுத்தி, "இன்னா பாய், பொண்ணுக்கு அட்மிஷனா?" என்றார். "இல்ல, அவங்களுக்கேதான்" என்றேன். அவர் ஜமீலாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், சட்டென்று எழுந்து நின்று கேட்டைத் திறந்தார். எனக்கு யாரும் அப்படிக் கேட்டைத் திறந்ததில்லை. உள்ளே சுரேஷ்குமார் என்ற கண்காணிப்பாளர் பட்டியலைப் பார்த்த உடனே திருப்பிக் கொடுத்தார்.

"நாப்பத்தஞ்சு இல்லியே மேடம். விதி இருக்கில்ல?"

"விதியை மாத்தச் சொல்லல சார். கூட்டலை மட்டும் பாருங்க."

அவர் சலிப்போடு கால்குலேட்டரைத் தட்டினார். மறுபடி தட்டினார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு அவரையும் தட்டச் சொன்னார். மூன்று தடவையும் தொள்ளாயிரத்து இரண்டு! அந்தக் காலத்தில் யாரோ கூட்டும்போது பத்தை விட்டுவிட்டிருக்கிறார்கள். இருபத்திரண்டு வருடமாக அந்தத் தப்பை நாங்கள் லேமினேட் செய்து பூட்டி வைத்திருக்கிறோம் பாய்ஜான்! "படிச்ச காலேஜ்ல திருத்தி வாங்கிட்டு வரணுமே" என்று அவர் இழுத்தார். ஜமீலா பையிலிருந்து முத்திரையோடு இன்னொரு தாளை எடுத்து வைத்தாள். ஒரு மாதமாகப் பல் டாக்டரிடம் போகிறேன் என்று கிளம்பிப் போனதெல்லாம் அதற்குத்தான். அவள் பற்களுக்கு ஒரு குறையும் இல்லை.

அதோடு விட்டார்களா? முதல்வர் அறைக்கு அனுப்பினார்கள். அந்த அம்மா பட்டியலைப் படித்துவிட்டு, "முதல் ரெண்டு வருஷம் நல்லாத்தானே வாங்கியிருக்கீங்க. கடைசி வருஷம் ஏன் இப்படி?" என்று கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை கல்யாணம் மேடம். திங்கக்கிழமை பரீட்சை."

"தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லலையா?"

"சொன்னேன். யாரும் கேக்கல. இதோ, சாட்சியைக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

என்னைக் கையால் காட்டினாள். தேதி குறித்தது நீங்கள், தலையாட்டியது நான். அந்த அம்மா கண்ணாடியை இறக்கிக்கொண்டு "நிஜமா?" என்று கேட்டபோது, நிறுத்துவதற்காகப் போன என் வாயிலிருந்து வந்தது ஒரே வார்த்தை: "நிஜந்தாங்க." அந்த அறையில் உட்கார்ந்திருந்தவளை எனக்குத் தெரியாது பாய்ஜான். குரல் உயரவில்லை, தேவைக்கு மேல் ஒரு சொல் வரவில்லை. எனக்குத்தான் வியர்த்தது. தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் பதில் சொன்னாள். சீட்டு கிடைத்துவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "என்மேல கோபமா?" என்று கேட்டேன். "கோபம் இருந்தா உங்கள எதிர்த்தரப்புல நிறுத்தியிருப்பேன். சாட்சியாத்தானே கூட்டிட்டுப் போனேன்?" என்றாள். மந்தைவெளி வந்ததும் அவள் பையை நானே வாங்கிக்கொண்டேன்.

தேவானையின் வீடு இன்னும் நிற்கிறது. எத்தனை நாளைக்கு என்று தெரியாது. ஜமீலா தினமும் அந்த அதிகாரியைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள், இப்போது ஓரமாக நிற்பதில்லை.

உங்கள் கட்டளையை நிறைவேற்றாததற்கு என்னை மன்னிக்க வேண்டும். ஆனாலும் கவலைப்படாதீர்கள். புத்தி சொல்வதற்காக நீங்கள் அனுப்பி வைத்த உங்கள் மனைவி தஹ்சீன் பாபி காலை ரயிலில் நல்லபடியாக வந்து சேர்ந்தார். இரண்டு மணி நேரமாகக் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் பேசுகிறார்கள். பாபியின் சொல்லை ஜமீலா இதுவரை தட்டியதில்லை. இன்ஷா அல்லாஹ், நல்ல முடிவு வரும்.

பெரியவர்களுக்கு என் சலாமும் பிள்ளைகளுக்கு என் முத்தமும்.

உங்கள் பணிவுள்ள,
மெஹபூப் அலி

பி.கு.: கதவு திறந்துவிட்டது. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கும் கடை பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று பாபி கேட்கிறார். அவர் பி.காமில் ஐம்பத்தெட்டு சதவீதமாம். உங்களுக்காவது இது தெரியுமா, பாய்ஜான்?