"நான் இருக்கேன்ல" பேராசிரியர்

கல்லூரி என்று ஒன்று இருக்கிற ஊரில் எல்லாம் இந்த இனம் வளரும். திண்டுக்கல் பக்கம் தண்ணீர் ஊற்றாமலே வளரும். ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன், ஒரு பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்று எந்த மாணவர் போய் நின்றாலும், பாதிப் பேச்சிலேயே கையமர்த்தி, "நான் இருக்கேன்ல?" என்று சொல்லிவிடுகிற பேராசிரியர் இனம். இருப்பார். அதில் சந்தேகமே வேண்டாம். இருப்பது ஒன்றைத்தான் அவர் செய்வார்.

பார்த்த மாத்திரத்தில் நீங்கள் கண்டுபிடித்துவிடலாம். மேடை போட்ட இடத்தில் எல்லாம் தென்படுவார். சால்வை யாருக்குப் போர்த்தினாலும் போட்டோவில் தன் பாதி முகமாவது விழும்படி நிற்பார். சட்டைப் பையில் இரண்டு பேனா, அதில் ஒன்று பச்சை மை. பழைய மாணவர் எவராவது வெளிநாட்டில் வேலை வாங்கிவிட்டால் "நம்ம பையன்" என்பார், வாங்காதவரின் பெயர் அவருக்கு மறந்துபோகும். "தெரியாது" என்கிற சொல் மட்டும் வாயில் வரவே வராது. புரியாத விஷயத்தை யாராவது சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகத் தலையாட்டுவார். அதற்குப் பெயர் அனுபவமாம்.

உதாரணத்துக்கு ஆனந்த்ராஜ் சாரை எடுத்துக்கொள்வோம். வேதியியல் துறைத் தலைவர், இருபத்தெட்டு வருட சர்வீஸ், நாகல் நகரில் மாடி வீடு. அவரிடம் போய் நின்றவள் பக்கத்து எரியோடு ஊர்ப் பெண் அறிவுச்செல்வி. எம்.எஸ்சி. முடித்து, வெளியூரில் ஒரு பெரிய ஆராய்ச்சி நிறுவனம் வைத்த நுழைவுத் தேர்விலும் தேறியிருந்தாள். அங்கே மாத உதவித்தொகையோடு நாலு இடம். கேட்டு நிற்பவர்கள் நானூறு பேர். உதவித்தொகை இல்லாமலும் ஆராய்ச்சி செய்யலாம், அப்பா மடி கனமாக இருந்தால். அவளுடைய அப்பா சின்னக்கண்ணுவுக்கு இருந்தது ஒன்றரை ஏக்கர் முருங்கை.

"அவுக காசு குடுத்துப் படிக்க வச்சா எம்புட்டு தூரம்னாலும் போ ஆத்தா. இல்லாட்டி இந்த வருசமே பி.எட். சேந்துரு" என்று அவர் சொல்லிவிட்டார். நியாயமான மனிதர். அவளும் சரி என்று ஒப்புக்கொண்டாள்.

பாக்கி இருந்தது இரண்டு ஆசிரியர்களின் பரிந்துரை. ஒன்று லிடியா மேடம். கேட்ட அன்று மாலையே ஒப்புக்கொண்டார். இரண்டாவதுக்கு ஆனந்த்ராஜ் சார். "அவரு பிஸியா இருப்பாரேம்மா, எனக்குத் தெரிஞ்ச இன்னொரு டீச்சரைக் கேக்கட்டா?" என்று லிடியா மேடம் கேட்டதற்கு, "வேணாம் மேடம், சாரே இருக்கேன்னு சொல்லிட்டாரு" என்று பெருமையோடு சொன்னாள். விண்ணப்பத்தில் இரண்டு பெயரையும் கொடுத்து அனுப்பியும் விட்டாள். அனுப்பிய பிறகு பெயரை மாற்ற முடியாது.

கடிதம் எழுதுவது எப்படி என்கிறீர்கள்? இந்த இனம் எழுதாது. "நீயே எழுதிக் கொண்டாம்மா, நான் பாத்துக்கிறேன்." தன்னைத் தானே புகழ்ந்து எழுதக் கூச்சப்பட்டு, இரண்டு நாள் உட்கார்ந்து அவள் ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோனாள். "மிகச் சிறந்த மாணவி" என்ற இடத்தில் பச்சைப் பேனா நின்றது. "மிகச் சிறந்தன்னு நான் யாருக்குமே போட்டதில்லையே" என்று அடித்தார். பிறகு கடிதத்தில் கனம் போதவில்லை என்று தன் சர்வீஸ், தான் தலைமை வகித்த கருத்தரங்குகள், தான் வாங்கிய விருது எல்லாவற்றையும் சேர்த்தார். முடிவில் அவளைப் பற்றி நாலு வரி, அவரைப் பற்றிப் பன்னிரண்டு வரி. படிக்கிறவர்கள் அறிவுச்செல்விக்கு இடம் கொடுப்பார்களோ இல்லையோ, ஆனந்த்ராஜுக்குக் கட்டாயம் கொடுத்துவிடுவார்கள். கையெழுத்து, வட்ட முத்திரை, கவர், கவரை ஒட்டி அதன் மேலும் ஒரு கையெழுத்து. வீட்டுக்குக் கொண்டுபோய் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"சார், கவர்ல அனுப்பக் கூடாதாம் சார். உங்க மெயிலுக்கு அவுகளே ஒரு லிங்க் அனுப்புவாக. அதுக்குள்ள போயி நீங்களேதான் ஏத்தணும்."

கண்ணை மூடினார். தலையாட்டினார். "நான் இருக்கேன்ல?"

முதல் வாரம் கேட்டாள். "நான் இருக்கேன்ல?" இரண்டாம் வாரம் கேட்டாள். "ஏம்மா, இம்புட்டுப் பதட்டப்பட்டா ஆராய்ச்சி எப்படிப் பண்ணுவ?" லிங்க் இரண்டு முறை நினைவூட்டலாகத் திரும்பவும் போயிருந்தது. அதற்கு மேல் போகாது.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி வரை. மூன்றரை மணிக்குத் துறையின் வாட்ஸ்அப் குழுவில் ஆனந்த்ராஜ் சாரிடமிருந்து ஒரு பதிவு. சிவப்பு வட்டம் போட்ட படம். "எச்சரிக்கை! நம் மாணவி அறிவுச்செல்வியின் பெயரைப் பயன்படுத்தி மோசடிக் கும்பல் எனக்கு மூன்று முறை லிங்க் அனுப்பியுள்ளது. யாரும் தொட்டு ஏமாற வேண்டாம்." கீழே கும்பிட்ட கைகளாக வரிசை கட்டி நின்றன. "தக்க நேரத்தில் காத்தீர்கள் ஐயா" என்று ஒரு பழைய மாணவர் உருகியிருந்தார்.

அறிவுச்செல்வி அப்போது திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தாள். பதிவைப் படித்ததும் ஆட்டோ பிடித்து நாகல் நகர் வீட்டுக்குப் போனாள்.

"சார், அது மோசடி இல்ல சார். நான் சொன்னேன்ல, அந்த லிங்க்தான் சார்!"

"அட, அதுவா இது? லிங்க்கைத் தொட்டா பேங்க்ல இருக்கறது போயிரும்னு தினம் சொல்றாங்களேம்மா. அதான் டெலிட் பண்ணிட்டேன்."

"குப்பைத் தொட்டின்னு ஒரு பக்கம் இருக்கும் சார், அதுல கிடக்கும். செத்த நேரம் போனைக் குடுங்க சார்."

"அதுலயும் கிடக்கக் கூடாதுன்னு காலி பண்ணிட்டேனே" என்றார், கெட்டிக்காரத்தனத்தோடு.

அந்த நிறுவனத்துக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்து ஆனது. ஆனந்த்ராஜ் சார் பீரோவைத் திறந்து கவரை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "பத்திரமா வச்சுக்கம்மா. பி.எட்.டுக்கு ஆகும்."

தெரியாமல் இருப்பது குற்றமில்லை. சின்னக்கண்ணுவுக்கும் லிங்க் தெரியாது. வந்தால் நாலு பேரிடம் காட்டி, "இது என்னன்னு பாத்துச் சொல்லுங்கப்பு" என்பார். இந்த மனிதருக்கு அந்த நாலு வார்த்தை கேட்க வாய் வரவில்லை, அவ்வளவுதான். எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை. அடுத்த மாதம் கல்லூரியில் ஆராய்ச்சி விழிப்புணர்வு நாள். தலைமை யார் என்று நினைக்கிறீர்கள்? "நம்ம புள்ளைங்களுக்கு அறிவு இருக்கு, முயற்சிதான் பத்தல" என்று முக்கால் மணி நேரம் பேசினார். அறிவுச்செல்வி அன்றைக்கு பி.எட். வகுப்பில் இருந்தாள்.

சிரித்தீர்களா? கொஞ்சம் பொறுங்கள். இந்த இனத்தில் சேரப் பேராசிரியர் பதவி கட்டாயமில்லை. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லக் கூசுகிற நல்ல மனசு இருந்தால் போதும். முடியாது என்றவனை ஊர் திட்டும். ஆனால் திட்டிவிட்டு அடுத்த வாசலுக்குப் போக நேரம் இருக்கும். உங்கள் போனை எடுத்துப் பாருங்கள். "பாத்துக்கலாம்" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு நீங்கள் மறந்துபோன ஒருவர் அதில் கட்டாயம் இருக்கிறார். உங்களையே நம்பி அவர் வேறு யாரையும் கேட்கவில்லை. அவருக்குக் கடைசித் தேதி என்றைக்கு?