இராசநாயகத்தார் நூல் பிடித்த வேலி

எதைக் கண்டாலும் உடனே ஒரு கண்ணை மூடி, மற்றக் கண்ணால் அதன் நேர் பார்க்கிறவர்கள் மனிதரில் ஒரு தனி ரகம். உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். கோயில் பந்தலுக்குக் கால் நடும்போது யாரும் கூப்பிடாமலே வந்து, "மூண்டாவது கால் வெளியிலை நிக்குது, உள்ளுக்கை எடு" என்பார். தான் குழி தோண்டும் அலவாங்கைத் தொடமாட்டார். தொட்டால் நேர் பார்ப்பது யார்?

யாழ்ப்பாணத்து உடுவிலில் அந்தப் பதவியை வகித்தவர் இராசநாயகத்தார். சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு நின்ற கியூ வளைந்திருப்பது பொறுக்காமல், வெளியே இறங்கி, ஒவ்வொருவராகத் தள்ளி நிறுத்தி, நிமிர்த்தி முடித்துப் பெருமையோடு திரும்பினால், அவருடைய இடம் போய்விட்டது. போத்தலோடு கடைசியில் போய் நின்றார். அவர் முறை வருமுன் எண்ணெய் முடிந்தது. ஆனால் கியூ நேராக இருந்தது.

சண்டைக் காலம், தொண்ணூற்றோராம் ஆண்டு மாரி முடிய, அவருக்கும் பக்கத்து வளவுச் சின்னாச்சிக்கும் பொதுவான வேலியில் நட்டிருந்த கதியால் தடிகள் உக்கிச் சரிந்தன. சின்னாச்சி தனியாள். சில ஆடுகளும் ஒரு கூர்மையான வாயும்தான் அவள் சொத்து.

"பழைய குழியளுக்குள்ளையே புதுக் கதியாலைப் போடுவம் அண்ணை."

"அந்த வளைவுக்கோ? றோட்டாலை போறவன் என்னைப் பற்றி என்ன நினைப்பான்? எல்லைக்கல்லுக்கு எல்லைக்கல் நூல் பிடிச்சு நேராப் போடுவம்."

"இஞ்சேருங்கோ, கிடக்கிறபடி கிடக்கட்டுமே," என்று மனைவி பராசக்தி சொல்லிப் பார்த்தாள். நேர் பார்க்கிறவருக்குக் காது கேட்குமா?

முன் கல்லில் நூலைக் கட்டி, பின் கல்வரை இழுத்து, நிலத்தில் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடினார். நூல் விறைப்பாக நின்றது. வாழைகளைத் தாண்டியது, கிணற்றடியைத் தாண்டியது. குண்டுக்குப் பதுங்கவென்று பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை ஏற்றி, முதுகு முறிய அவர் வெட்டிய பங்கரை முழுதாகச் சின்னாச்சியின் பக்கம் விட்டுவிட்டுப் போனது.

இராசநாயகத்தார் இன்னொரு முறை பார்த்தார். மூடிய கண்ணைத் திறந்தார். திறந்த கண்ணை மூடினார். பங்கர் அசையவில்லை. நூல் பழசு என்றார். கல்லை ஆடு தட்டியிருக்கும் என்றார்.

"கல்லு சீமெந்திலை இறுகிக் கிடக்கு அண்ணை. நேராத்தானே போடவேணும் எண்டனியள்? போடுங்கோ."

அவர் நூலின் முடிச்சை அவிழ்க்கக் குனிந்தபோதே வானத்தில் பொம்மர் விமானம் இரைந்தது. சரிந்த வேலியை மிதித்துக்கொண்டு மூவரும் பங்கருக்குள் விழுந்தார்கள். எங்கோ தூரத்தில் ஒரு குண்டு விழ, நிலம் குலுங்கி, கூரை மண் அவருடைய மொட்டைத் தலையில் கொட்டியது. பராசக்தி முருகனைக் கூப்பிட்டாள். சின்னாச்சி உள்மூலையில் வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

"அண்ணை, கொஞ்சம் உங்காலை அரக்கி இருங்கோ. என்ரை காணியெல்லே."

"இது நான் வெட்டின பங்கர்!"

"ஆர் இல்லையெண்டது? பொம்மர் வரேக்கை நீங்களும் வாங்கோ. நான் மறிக்கமாட்டன்."

பராசக்தி சிரித்துவிட்டாள். குண்டைவிட அந்தச் சிரிப்புத்தான் அவரை அதிகம் தாக்கியது. இன்னொன்று கிட்டவாக விழுந்தபோது அவருக்கு ஞானம் பிறந்தது.

"பிள்ளை, நேர் எண்டது நூலிலை இல்லை. மனசிலை இருக்கு."

"அப்ப பழைய குழியோ?"

"ஓம், ஓம். பழைய குழிதான்."

"அப்ப பங்கரடியிலை ஆள் பூருற அளவுக்கு ஒரு பொட்டும் விடுங்கோ. இவ்வளவு நாளும் சத்தம் கேட்டால் நான் ஆட்டுக்கொட்டிலுக்கைதான் கிடந்தனான்."

வேலியின் ஒவ்வொரு கதியாலையும் பார்த்த மனிதர், அதற்கு அப்பால் என்ன நடக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

அன்று பின்னேரமே வேலி எழுந்தது, பழையபடி நெளிந்துகொண்டு, நடுவில் ஆள் நுழையும் பொட்டோடு. அலவாங்கு போட்டவர் அவரே.

திருந்திவிட்டார் என்கிறீர்களா? அடுத்த கிழமை, அதே தெருவில் புதுவேலி போட்ட தம்பிராசாவின் வேலியடியில் நின்று, "எட, அந்தக் கதியால் பிழை!" என்று கத்தினார்.

"உங்கடை வேலி, அண்ணை?"

"அது காத்துக்காக வளைச்சது."

இதை வாசிக்கையில் உங்களுக்கு யாரோ ஒருவரின் முகம் நினைவுக்கு வந்திருக்கும். அயலவர், மைத்துனர், கந்தோரில் மேலதிகாரி. நன்றாகச் சிரியுங்கள். அவர் கையிலும் இது கிடைத்தால் யாருடைய முகத்தை நினைத்துச் சிரிப்பார் என்று மட்டும் யோசித்துவிடாதீர்கள்.