டைனமோ மாமாவோடு நாலு சுற்று

கூட வருகிறவனைத் தோற்கடிப்பதற்கென்றே பிறந்த பந்தய வீரர் இந்த ராமநாதபுரம் சீமையில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் டைனமோ மாமா. முந்திப் போய்த் தோற்கடிக்க மாட்டார். கூடவே வந்து தோற்கடிப்பார்.

என் மனைவியின் சித்தப்பா. முதுகுளத்தூரில் மிளகாய் வியாபாரம். பந்தய சைக்கிளிலும் டைனமோ விளக்கை மாட்டிக்கொண்டு திரிந்ததால் வந்த பெயர் அது.

"பகல்லதான மாமா ஓட்டப் போறோம், இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"இருட்டுறதுக்குள்ள வந்துருவீகளாக்கும்?" என்றார்.

போன வருடப் பந்தயத்தில் நான் சைக்கிளுக்கு வைத்த நேரக் கெடுவைத் தவறவிட்டுப் பாதியில் நிறுத்தப்பட்டதை இதைவிட மரியாதையாக ஒரு மாமனாரால் சொல்ல முடியாது.

ராமேஸ்வரத்தில் நடக்கும் நெடுந்தூரப் பந்தயம். கடலில் நீச்சல், தனுஷ்கோடிச் சாலையில் நாலு சுற்று சைக்கிள், பிறகு ஓட்டம். சைக்கிளை நேரத்துக்குள் முடிக்காவிட்டால் ஓட விடமாட்டார்கள். "இந்தத் தடவையும் பாதியில வந்து நின்னீகன்னா சைக்கிள வித்துக் கிரைண்டர் வாங்கிருவேன்" என்று மனைவி சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

இந்த வருடம் கூடவே பேர் கொடுத்திருந்த மாமா நீச்சலிலேயே ஆரம்பித்துவிட்டார். பாதுகாப்புக்கு நின்ற படகைப் பிடித்துக்கொண்டு மீன்பாடு எப்படி என்று விசாரித்துக்கொண்டிருந்தார். கண்மாயில் நீந்திப் பழகிய உடம்பு. அவ்வளவு பேசியும் என் பின்னாலேயே கரையேறி, "நண்டு நல்லாப் படுதாம் மாப்ள, போறப்ப வாங்கிட்டுப் போவோம்" என்றார்.

சைக்கிளில் ஏறினால் காற்று. போகும்போதும் எதிர்க்காற்று, திரும்பினால் அதுவும் கூடவே திரும்பிக்கொள்ளும். வாயெல்லாம் மணல். தலையைக் குனிந்து மிதித்துக்கொண்டிருந்தபோது சாலையோரம் ஒரு மீனவர் வீட்டில் பந்தல் தெரிந்தது. முந்தின நாள்தான் பெரியவர் ஒருவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

மாமா பிரேக் பிடித்தார். "எறங்குங்க மாப்ள."

"மாமா, ரேஸு!"

"அதுக்காகக் கேத வீட்டுக்கு முன்னாடி சைக்கிள்ல ஏறிக்கிட்டா போறது?"

அவருடைய சட்டம் அது. துக்க வீட்டைக் கண்டால் இறங்கிவிட வேண்டும். முதல் தரம் என்றால் உள்ளே போய் விசாரிக்க வேண்டும். அவரை விட்டுவிட்டுப் போனால் சேதி எனக்கு முன்னால் என் வீட்டுக்குப் போய்ச் சேரும். இறங்கினேன். தலைக்கவசமும் உடம்போடு ஒட்டிய பந்தய உடையுமாகப் போய் மூத்த மகனுக்குக் கை கொடுத்தோம். நாற்காலி போட்டார்கள். மனிதர் உட்கார்ந்துவிட்டார்! "என்ன வயசு? மேலுக்கு என்ன செஞ்சுச்சு?" என்று ஆற அமர விசாரித்தார். எழுந்தபோது நான் பழக்கதோஷத்தில் "வாரேன்" என்றேன். கேத வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாதாம். அதற்கு ஒரு முறைப்பு.

திரும்பி வரும்போது அதே வீடு. மறுபடி இறங்கினார்.

"அதான் கேட்டாச்சே மாமா!"

"கேட்டுட்டா வீடு இல்லேன்னு ஆயிருமா?"

தள்ளிக்கொண்டு நடந்தோம். போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம், நாலு சுற்று. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எங்களைக் கடந்து போன ஒரு வெளியூர் இளைஞர் "பஞ்சரா சார்?" என்று கேட்டார். "இல்ல தம்பி, கேதம்" என்றார் மாமா.

கடைசிச் சுற்றில் கடைசியாகத் திரும்பினோம். விடாமல் மிதித்தால் கெடுவைப் பிடித்துவிடலாம், இறங்கினால் கிரைண்டர்தான். மாமா காலை ஊன்றப் போனார். அப்போது அந்த மூத்த மகன் சாலைக்கே ஓடிவந்தார்.

"எறங்காதீக! காலையில இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம். எங்க அப்பாவுக்கு நீங்க செஞ்ச மரியாத போதும். ஏறிப் போங்க!"

சொன்னதோடு விட்டிருக்கலாம். தம்பிமாரையும் கூப்பிட்டு, எங்கள் சீட்டைப் பிடித்து ஒரே தள்ளு. படகைக் கடலில் இறக்கிப் பழகிய கைகள். அந்தக் காற்றிலும் பறந்தேன். இந்த வருடம் முடித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

எதிரே மோட்டார் சைக்கிளில் நடுவர் வந்தார். வெளியாள் தள்ளினால் பந்தயத்திலிருந்து நீக்கம். எண் அட்டையை அங்கேயே கழற்றச் சொன்னார்.

மாமனார் என்றும் பாராமல் கத்தினேன். "எல்லாம் உங்களாலதான்!"

"ஆமா மாப்ள" என்றார். எண் அட்டையைக் கழற்றிக்கொண்டே, "தள்ளுறப்ப அந்தப் பயலுக சிரிச்சாய்ங்க, பாத்தீகளா?" என்றார்.

என் பந்தய ஆசை அத்தோடு முடிந்தது. இன்றைக்கும் அவரை நினைத்தால் முதலில் எரிச்சல்தான் வருகிறது. ஆனால் என் வாசலிலும் என்றைக்காவது பந்தல் போடுவார்கள். அன்றைக்கு எத்தனை தரம் கடந்தாலும் அத்தனை தரமும் இறங்கி நடக்க எனக்கென்று ஒரு மனிதர் வேண்டும். எனக்கு முன்னால் போய்விடாதீர்கள், மாமா.