வெட்டவெளியில் ஒரு மண்டபம்

பட்டியல் போட்டு வேலை செய்கிறவர்களை நம்பாதீர்கள். பட்டியலில் எழுதாத ஒன்றை அவர்கள் மறக்கிற மாதிரி வேறு யாராலும் மறக்க முடியாது. நான் அந்த இனம்.

அரூரில் ஒரு சிறிய கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் சேர்ந்த புதிது. கடத்தூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் சர்ச்சுக்குத் திருமண மண்டபம் கட்டப் பேச்சு நடந்தது. கமிட்டியில் இருந்த அப்பா, "எம் பொண்ணே கம்ப்யூட்டர்ல கட்டிக் காட்டுமுங்க" என்று என்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டார். ஞாயிறு பூசை முடிந்ததும் காட்ட வேண்டும். பிடித்தால் வேலை எங்கள் அலுவலகத்துக்கு. பிடிக்காவிட்டால் சேலத்துக்காரர்களுக்கு.

இருபத்து மூன்று வரிப் பட்டியல் போட்டேன். சார்ஜர், புரொஜெக்டர் ஒயர், சேலைக்கு ஊக்கு, அந்த ஊக்கு போனால் மாற்று ஊக்கு. அலுவலக மென்பொருளை என் பழைய லேப்டாப் தாங்காது. அதனால் மண்டபத்தை எந்த இலவச மென்பொருளிலும் திறக்கிற பொதுக் கோப்பாக மாற்றி எடுத்துப் போனேன். மாற்றியதை ஒருமுறை திறந்து பார்ப்பது? இருபத்து மூன்றில் அது இல்லை.

திரையில் மண்டபம் வந்தது. கதவு, தூண், சுவர் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். "பெயின்ட் அப்புறம்" என்று சமாளித்தேன். பங்குச் சாமியார் உள்ளே எப்படி இருக்கும் என்று கேட்டார். கூரையைத் தொட்டு, 'இந்த வகையை மறை' என்பதை அழுத்தினேன்.

கூரை போனது. கூடவே சுவர், தூண், கதவு, மேடை எல்லாம் போயின. வெட்டவெளியில் ஒரு வெஸ்டர்ன் கக்கூஸ் மட்டும் நின்றது.

கோப்பை மூடித் திறந்தேன். லேப்டாப்பையே அணைத்துப் போட்டேன். (மூன்று தடவை.) மறுபடி அழுத்தினால் மறுபடி அதே கக்கூஸ். அப்பா சர்ச்சின் நிஜக் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

முன்வரிசையில் இருந்த லூர்து அத்தை கேட்டார்.

"ஏங்கண்ணு, மண்டபம் எங்க?"

"மறஞ்சிருக்குங்க அத்தை."

"இது மட்டும் ஏன் நிக்குது?"

எனக்கே தெரியாது. அத்தை எழுந்து சாமியார் பக்கம் திரும்பினார்.

"சாமி, திருவிழான்னா பொம்பளைங்க சோளக்காட்டுக்குத்தான் ஓடறோம். மண்டபம் மெதுவா வரட்டுங்க. பொண்ணு காட்டுதே, இத மொதல்ல கட்டுங்க."

பின்னால் இருந்த பெண்கள் மொத்தமாக எழுந்தார்கள். அதற்குப் பிறகு கமிட்டிக்குப் பேச ஒன்றுமில்லை.

காரணம் திங்கட்கிழமைதான் பிடிபட்டது. சீக்கிரம் முடியுமே என்று கதவு முதல் கூரை வரை எல்லாவற்றையும் 'பொதுப் பொருள்' என்ற ஒரே அச்சில் செய்திருந்தேன். மாற்றும்போது எது கதவு, எது கூரை என்று கோப்புக்குத் தெரியவில்லை; எல்லாமே ஒரே வகையாகிவிட்டது. இணையத்தில் இறக்கிய கக்கூஸ் மட்டும் தன் வகையோடு போய்ச் சேர்ந்திருந்தது. (யாரோ பொறுப்பானவர் செய்தது.) ஒவ்வொன்றுக்கும் வகை எழுதி, மறுபடி மாற்றி, திறந்தும் பார்த்தேன். கச்சிதமாக வந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

வேலை எங்களுக்கே கிடைத்தது: நான்கு சுவர், ஒரு கூரை, பெண்கள் கழிப்பறை. மண்டபம் இன்னும் பேச்சில்தான் இருக்கிறது. காலி மைதானத்தில், திரையில் நின்ற அதே இடத்தில், கழிப்பறை மட்டும் தனியாக நிற்கிறது. வீட்டுக்கு எந்த விருந்தாளி வந்தாலும் அப்பா அந்தப் பக்கம் கூட்டிப்போய்க் கைகாட்டுகிறார்.

"எம் பொண்ணு கட்டுன மண்டபங்க. மிச்சத்த மறச்சு வெச்சிருக்குது."