இஸ்திரி சுட்ட இசைத்தட்டு

"என் தட்டு! இது என் தட்டேதான்!"

கொதிகலன் போட்ட சத்தத்தில், சமையலறையில் இருந்த அவர் மனைவியின் கையிலிருந்து கரண்டி நழுவி விழுந்தது.

கொதிகலன் என்பது தெரு வைத்த பெயர். அவர் ஒரு சலவைக் கடை முதலாளி. ஆவி இஸ்திரி போடுவதற்காகக் கடையில் ஒரு கொதிகலன் இருக்கிறது. அது சூடேறக் கொஞ்சம் நேரமாகும். முதலாளிக்கு அந்த நேரமும் தேவையில்லை.

"இங்க பாரு!" என்று மனைவியின் மூக்குக்கு நேராக போனை நீட்டினார். பழைய இசைத்தட்டுகளை ஏலம் விடும் இணையதளம் அது. படத்தில் ஒரு வயலின் இசைத்தட்டு. உறையின் மூலையில் முக்கோணமாக ஒரு பழுப்புத் தழும்பு.

"இஸ்திரிப் பெட்டி முனை பட்ட சூடு இது. நானே வெச்சது. உலகத்துல வேற எவன் இசைத்தட்டு மேல இஸ்திரிப் பெட்டிய வெப்பான்?"

"உங்களை விட்டா வேற யாரும் வெக்க மாட்டாங்க," என்று அவள் ஒத்துக்கொண்டாள்.

"அப்ப விக்கிறது யாரு? உன் தம்பி! மூணு வருஷம் ஒளிச்சு வெச்சிருந்து இப்ப ஏலம் விடறான். கீழ விரிச்சிருக்கற துணியைப் பாரு. வெள்ளையா அது? எந்தக் கடையில வெளுத்தானோ! ஒரு கஞ்சி இல்ல, ஒரு மடிப்பு இல்ல!"

மைத்துனனோடு வந்த சண்டைக்குக் காரணமே இந்தத் தட்டுதான். கொஞ்சமாக அச்சாகி, வெளியிட்ட கம்பெனியும் இழுத்து மூடப்பட்டதால், இசைத்தட்டு சேர்ப்பவர்கள் இதற்காக அடித்துக்கொள்வார்கள். கொதிகலன் தன் முதல் வருமானத்தில் அதை வாங்கினார். மைத்துனன் ஆசைப்பட்டுக் கேட்டான், கொடுத்தார். 'கடையிலயே திருப்பிக் குடுத்துட்டேனே' என்று அவன் அன்றைக்குச் சொன்னதை இன்றைக்கும் மாற்றவில்லை. கொதிகலன் நம்புவாரா? 'இங்கே ஒரு பட்டன்கூடத் தொலைந்ததில்லை' என்று கல்லாவுக்கு மேலே பலகை மாட்டியிருக்கும் கடை அது.

"அவன் நம்ம வாசப்படி மிதிச்சு மூணு வருஷமாச்சு," என்றாள் மனைவி. "அவன் சலவைக்குக் குடுத்த கோட்டைக்கூட நீங்க திருப்பிக் குடுக்கல."

"தட்டைக் குடுத்துட்டு கோட்டை வாங்கிட்டுப் போகட்டும். திருட்டுப் பய!"

அவளுக்கும் கோபம் வந்தது. "சரி, அவன்தான் விக்கிறான்னு நிரூபிங்க. நானே அவன்கூடப் பேச்சை விட்டுடறேன். நிரூபிக்க முடியலைன்னா, நீங்க அவன் வீட்டுக்குப் போயி, அவன் காலனி முழுக்கக் கேக்கற மாதிரி மன்னிப்புக் கேக்கணும்."

"கேக்கறேன்டி!"

எப்படி நிரூபிப்பார் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. ஏலத்தில் எடுத்துவிட்டால் பார்சலோடு விற்றவன் விவரம் வரும். அதை அவள் முகத்துக்கு எதிரே ஆட்ட வேண்டும். மன்னிப்பு! அதுவும் அவனிடம்! நினைத்தாலே காது சூடேறியது.

மகளைக் கூப்பிட்டுக் கணக்கு ஒன்று தொடங்கச் சொன்னார். "அம்மாகிட்ட மூச்சு விடக்கூடாது. கடை விலாசத்தையே போடு. ஆனா விக்கிறவனுக்கு நான்தான்னு தெரியுமா?"

"தெரியாதுப்பா. யார் ஏலம் கேட்டாலும் பேருக்குப் பதிலா நட்சத்திரம்தான் காட்டும். முடிஞ்சதும் தளத்தோட ஆளே வாங்கிட்டு வந்து குடுப்பாங்க."

அன்று மாலை வரை போட்டிக்கு யாரும் இல்லை. மறுநாள் காலையில் நட்சத்திரத்தோடு ஒருத்தன் முளைத்தான். கொதிகலன் ஒரு படி ஏற்றினார். கண் மூடித் திறப்பதற்குள் அவன் அதற்கு மேல் ஒரு படி ஏறி நின்றான். இவர் மறுபடியும் ஏற்றினார். அவனும் ஏறினான்.

"சோறு தண்ணி இல்லாம போனையே பார்த்துட்டு உக்காந்திருக்கான் பாரு! இதுவும் உன் மாமாதான். அவனே வித்து, அவனே வேற பேர்ல கேட்டு, விலையை ஏத்தறான்!"

"அது ஆள் இல்லப்பா, மெஷின்," என்றாள் மகள். "இதுதான் என் உச்ச விலைன்னு முதல்லயே சொல்லிட்டா, யாராவது ஏத்தினா அதுவா ஒவ்வொரு படியா ஏத்திக்கும். அவர் இப்ப குளிச்சுட்டுக்கூட இருக்கலாம்."

குளிக்கிறானா! இங்கே ஒருத்தன் வேர்த்து விறுவிறுத்துக்கொண்டிருக்கிறான், அவன் குளிக்கிறான்! கோபத்தில் கொதிகலன் தானும் ஒரு உச்ச விலை போட்டார். கடைக் கொதிகலனைப் பழுது பார்க்க எடுத்து வைத்திருந்த பணம் மொத்தத்தையும் போட்டார்.

"இதைப் பார்த்தா பயந்து ஓடிடுவான்ல?"

மகள் தயங்கினாள். "உச்ச விலை மத்தவங்களுக்குத் தெரியாதுப்பா."

"தெரியாதா? அப்ப நான் எதுக்கு இவ்வளவு பெரிசா போட்டேன்?"

"அதான் நானும் கேக்கலாம்னு நினைச்சேன்."

"திரும்ப எடு!"

"போட்டா போட்டதுதான்."

ஓடுகிற விலை, எதிராளியின் உச்ச விலையைத் தாண்டி, ஒரே தாவாகத் தாவி மேலே போயிருந்தது. பயப்பட வேண்டியவனுக்குப் பயப்படக் காரணமே தெரியாததால், அவன் நிதானமாக மேலும் மேலும் கேட்டான். அவன் கேட்கக் கேட்க, கொதிகலனின் பணம் படி ஏறிக்கொண்டே போனது.

கடையில் அவர் ஒரு கையில் இஸ்திரிப் பெட்டியும் மறு கையில் போனுமாக நின்றார். அந்த நேரம் பார்த்து கவுண்டர் அம்மா வந்தாள். கடைக் கவுண்டரில் நின்று துணி வாங்கிப் போடும் வேலைக்குப் போன வருஷம் சேர்ந்தவள்.

"சார், சம்பளம் கொஞ்சம் ஏத்திக் குடுத்தீங்கன்னா..."

"ஏத்தறது, ஏத்தறது! எவனைப் பார்த்தாலும் ஏத்தறான்! வருஷம் தாண்டியும் எவனும் எடுக்க வராம பின் ரேக்ல தொங்கறதெல்லாம் உனக்குன்னு அன்னிக்கே சொல்லிட்டேன்ல? வித்துக்கோ. அதுக்கு மேல என்னால ஆகாது!"

புகை வந்தது. ஒரு வக்கீலின் வெள்ளைச் சட்டையில், நடு முதுகில், முக்கோணமாக ஒரு பழுப்புத் தழும்பு. வக்கீலுக்குப் புதுச் சட்டை வாங்கிக் கொடுத்ததோடு, அரை மணி நேரம் சட்டமும் கேட்க வேண்டியிருந்தது.

அந்தக் கோபத்தையும் சேர்த்து வைத்து, விற்பவனுக்கே நேராக ஒரு செய்தி அனுப்பினார். 'திருடா! நீ யாருன்னு எனக்குத் தெரியும்!'

பதில் வந்தது. 'வணக்கம். பொருளில் கீறல் இல்லை. நன்றாகச் சுற்றி அனுப்புவோம்.'

"என்ன கொழுப்பு! என்ன கொழுப்பு!" என்று கொதிகலன் மேஜையைக் குத்தினார். கவுண்டர் அம்மா அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். சம்பள வருத்தம் என்று அவர் கண்டுகொள்ளவில்லை.

ஏலம் மறுநாள் மத்தியானம் முடிந்தது. கடைசி நொடியில் நட்சத்திரக்காரன் இன்னொரு தாவு தாவினான். தட்டு கொதிகலனுக்கே வந்தது. பழுதுப் பணத்தில் ஒரு டீக்குத்தான் மிச்சம். கடைக் கொதிகலன் மூலையில் உஸ்ஸென்று ஒரு பக்கமாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"மாட்டினான்டா!" என்று அவர் கத்தியபோது போன் அடித்தது. மனைவி.

"கேளுங்க, என் தம்பி அழாத குறையா பேசறான். நீங்க காட்டின அந்தத் தட்டு ஏலத்துல இருக்குன்னு நான்தான் அவன்கிட்ட சொன்னேன். எப்படியாவது அதை வாங்கி உங்க கையில குடுத்து, சண்டையை முடிச்சுடலாம்னு கையில இருந்ததையெல்லாம் போட்டுக் கேட்டிருக்கான். எவனோ ஒரு கிறுக்கன் விலையை ஏத்தி ஏத்தி அவன் வாயில மண்ணைப் போட்டுட்டான்."

கொதிகலன் மெதுவாக உட்கார்ந்தார்.

"அந்தக் கிறுக்கன் நாசமாப் போகணும்னு நானும் வாய் விட்டுத் திட்டிட்டேன்."

"ஏன்டி அவசரப்படறே? அவனுக்கும் குடும்பம் கிடும்பம் இருக்கும்," என்றார் கொதிகலன்.

போனை வைத்தும் தலை சுற்றுவது நிற்கவில்லை. மைத்துனன் கேட்டவன் என்றால், விற்றவன் யார்? அவனிடம் தட்டு எப்படிப் போனது? மூன்று வருஷமாக யார் மேல் இந்தக் கோபம்?

அன்று சாயங்காலமே தளத்தின் கூரியர்காரர் உள்ளே வந்தார். கையிலிருந்த சின்ன மெஷினைத் தட்டிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"சார், ஒரு பார்சல். இந்தக் கடையில வாங்கி, இந்தக் கடையிலயே குடுக்கணும்னு காட்டுது. பெட்ரோலே செலவில்ல!"

"இதோ, இதுதாங்க," என்று கவுண்டர் அம்மா கல்லாவுக்கு அடியிலிருந்து சதுரமாக ஒரு பார்சலை எடுத்தாள். கூரியர்காரர் அதை வலது பக்கம் வாங்கி, மெஷினில் ஒரு தட்டுத் தட்டி, இடது பக்கம் கொதிகலனிடம் நீட்டினார்.

கொதிகலன் கிழித்தார். சட்டைக்கு வைக்கும் அட்டைகள். அவற்றின் நடுவே வயலின். மூலையில் முக்கோணத் தழும்பு.

"இது... இது உனக்கு ஏது?"

கவுண்டர் அம்மாவின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. "அப்ப திருடான்னு எழுதினது நீங்கதானா? வருஷம் தாண்டினா ரேக்ல தொங்கறதெல்லாம் எனக்குன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"ரேக்ல இசைத்தட்டு எப்படிடி தொங்கும்?"

"உங்க மச்சினர் கோட்டைப் போட்டுக் குடுத்த உறைக்குள்ள இருந்துச்சு சார். கோட்டைக் குடுக்க மாட்டேன்னு மூணு வருஷமா மாட்டி வெச்சீங்களே, ஒரு நாளாவது ஜிப்பைத் திறந்து பார்த்தீங்களா?"